தகவல் உதவி: செல்வமணி

போன மாதம் நிரோஷா தொலைபேசியில் அழைத்தாள். முப்பத்தொரு வருடம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கெட்டிக்காரி. சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் கேட்பாள்.

“மிஸ், மலையகப் பண்பாட்டுக் கண்காட்சி ஒண்ணு செய்றோம். அதுல பிள்ளைக் காம்பராக் கயிறு வைக்கலாம்னு இருக்கோம். வாசல்ல நெசமாவே ஒரு கயிறு கட்டி, துணியெல்லாம் முடிஞ்சு வெச்சா பாக்க நல்லா இருக்கும். அந்த வழக்கம் எந்தத் தோட்டத்துல தொடங்கிச்சுன்னு சொல்லத்தான் ஆள் கிடைக்கல. உங்களுக்கு யாரையாச்சும் தெரியுமா?”

“அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“அதிபர் ஐயாவோட நாவல்ல இருக்கே மிஸ். ஸ்கூல் பிள்ளைங்ககூட அதப்பத்திக் கட்டுரை எழுதுதுங்க.”

பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. ஓய்வுபெற்றவள் வாயை மூடிக்கொண்டு பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே வாசிப்பை நிறுத்திக்கொள்ளலாம்.

நான் பதுளையில் புடவைக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். தேயிலைத் தோட்டத்து மக்களை நான் சிறுவயதில் பார்த்ததெல்லாம் கடைக்குள்தான். தீபாவளிக்கு முந்தின வாரம் கூட்டமாக வருவார்கள். அப்பா துணிகளை விரித்துப் போடுவார், நான் மடித்து அடுக்குவேன். அதற்கு மேல் அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை. உயர்தர வகுப்பு முடித்து, எழுதுவினைஞர் பரீட்சையில் தேறி, கலை இலக்கியத்தோடு சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. முதல் ஆறு வருடம் கடிதம் பதியவும் காகிதங்களைக் கோவையாகக் கட்டவும் மேலதிகாரியின் முகத்தைப் பார்த்து நேரம் அறியவும் பழகினேன். பிறகு வருடாந்தச் சிறுகதைப் போட்டியை என் கையில் ஒப்படைத்தார்கள்.

போட்டி வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கதை தபாலில் வந்ததும் உறையைக் கத்தரித்து, வந்த திகதியை முத்திரையால் குத்தி, பெரிய பதிவேட்டில் இலக்கம் கொடுப்பேன். எழுதியவரின் பெயரும் விலாசமும் உள்ள முதல் தாளைக் கழற்றி வேறோர் உறையில் போட்டு ஒட்டி, இரும்பு அலுமாரியில் பூட்டுவேன். கதைத் தாள்களில் இலக்கம் மட்டும்தான் இருக்கும். மூன்று பிரதி எடுத்து மூன்று நடுவர்களுக்கு அனுப்புவேன். அவர்கள் கரு, மொழி, கட்டமைப்பு, கற்பனை என்று நான்கு கட்டங்களில் புள்ளி போட்டு, கீழே ஒரு வரி குறிப்பு எழுதி, பிரதிகளைப் புள்ளித்தாளோடு திருப்பித் தரவேண்டும். ஒரு பிரதி குறைந்தாலும் அந்த இலக்கத்துக்கு எதிரே சிவப்புக் கோடு போட்டு, எழுத்தில் கேட்கவேண்டும். இந்த விதியை எழுதிவைத்தவர் யாரென்று தெரியாது. ஆனால் அவருக்கு எழுத்தாளர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எங்கள் மேலதிகாரி கருணாகரன் சேர் மென்மையான மனிதர். யாரிடமும் உரத்துப் பேசியதில்லை. சட்டைப் பையில் பேனையும் கூராகச் சீவிய பென்சிலும் இருக்கும். சாதாரணக் கடிதம் என்றால் பேனையை எடுப்பார். கொஞ்சம் சிக்கலான விஷயம் என்றால் கோவையை ஒருமுறை தலைகீழாகத் திருப்பி, நாடாவை நேராக்கி, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பென்சிலை எடுப்பார். ஓரத்தில் ‘கலந்துரையாடவும்’ என்று மெல்லிதாக எழுதுவார். அந்தக் கோவை அதற்குப் பிறகு யாரோடும் கலந்துரையாடப்படாது. பென்சிலில் எழுதியதை எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடலாம் என்பதுதான் அவருடைய நிர்வாகம். இது எனக்குப் புரிய இருபது வருடம் பிடித்தது.

ஒரு வருடம் பண்டாரவளையில் மரக்கறிக் கடையில் மூட்டை கட்டும் ஒருவர் கதை அனுப்பியிருந்தார். பழைய இந்திய வார இதழ் ஒன்றில் வந்த கதையை வரிக்கு வரி எழுதி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். நடுவர் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அன்று கருணாகரன் சேர் பேனையை எடுத்தார். ஒரே நாளில் தகுதிநீக்கக் கடிதம் போனது. இனிமேல் எந்தப் போட்டிக்கும் விண்ணப்பிக்கக் கூடாது என்று அதில் இருந்தது. அந்த மனிதர் மறு வாரம் அலுவலகத்துக்கு வந்து, கதவுக்கு வெளியே நின்றபடியே, “பேரு பேப்பர்ல வரணும்னு ஆசப்பட்டுட்டேங்க, மன்னிச்சிருங்க” என்று அழுதார். செய்தது களவுதான், தண்டனையும் சரிதான். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. களவுக்கு எங்கள் அலுவலகத்தில் மை இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி செல்வமணி.

நான் ஓய்வுபெற ஐந்து வருடம் இருந்தபோது தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு கதை வந்தது. கோடு போட்ட கொப்பித் தாளில், நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாத உருண்டைக் கையெழுத்து. எழுதியவர் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் பெண். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது.

கதை இதுதான். பிள்ளைக் காம்பரா வாசலில் ஒரு கயிறு கட்டியிருக்கும். பிள்ளையை விட வரும் ஒவ்வொரு தாயும் ஒரு துணித்துண்டை அந்தக் கயிற்றில் முடிந்துவிட்டு மலைக்குப் போவாள். மாலையில் பிள்ளையைத் தூக்கும்போது தன் முடிச்சை அவிழ்த்துக்கொள்வாள். ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் கயிற்றில் ஒரு முடிச்சு மிஞ்சிக் கிடக்கிறது. மறுநாளும் மிஞ்சுகிறது. யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் பிள்ளை பார்ப்பவள். இரண்டு மாதத்துக்கு முன் குழந்தையைப் பறிகொடுத்த ஒருத்தி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் யாருக்கும் தெரியாமல் வந்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போகிறாள். பிள்ளை பார்ப்பவள் அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கிறாள். பிடித்துவிட்டு, “புள்ள நல்லா தூங்குது, நீ போயிட்டு வா” என்கிறாள். அவ்வளவுதான் கதை.

பிரதி எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே அதை வாசித்தேன். கடைசித் தாள் வெளியே வந்தபோது எனக்குக் கண் தெரியவில்லை. முதல் பரிசு இதற்குத்தான் என்று நினைத்தேன்.

பரிசு கிடைக்கவில்லை. இரண்டு நடுவர்கள் நல்ல புள்ளி போட்டிருந்தார்கள். மூன்றாமவர் தரைமட்டமாகப் போட்டதில் கதை பட்டியலிலிருந்தே விழுந்துவிட்டது. அந்த மூன்றாமவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், பல புத்தகம் எழுதியவர். ஊரில் எல்லாரும் அவரை ‘அதிபர் ஐயா’ என்றே அழைப்பார்கள். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். அவர் திருப்பித் தந்த கட்டில் ஒரு பிரதி குறைந்தது. எது என்று பார்த்தேன். செல்வமணியின் கதை.

“வீட்டில எங்கயாவது இருக்கும் மிஸ். தேடித் தாறேன்” என்றார்.

நான் சிவப்புக் கோடு போட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் பெரிய மனிதர், அலுவலகத்துக்கு வந்தால் கருணாகரன் சேரே எழுந்து நின்று கதிரை போடுவார். பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் ‘பின்னர்’ என்று எழுதினேன். என் சேவைக் காலத்தில் நான் பென்சிலால் எழுதிய ஒரே சொல் அது. அதை எழுதிய கையை இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அதிபர் ஐயாவின் நாவல் வெளியானது. மண்டபம் நிறையக் கூட்டம். அவரே ஓர் அத்தியாயத்தை வாசித்தார். குரல் கணீரென்று இருக்கும் அவருக்கு. கயிறு வந்தது. முடிச்சு வந்தது. ஒரு முடிச்சு மிஞ்சியது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். வாசித்து முடித்ததும், “இது ஊவாத் தோட்டங்களில் நூறு வருடமாக இருக்கும் வழக்கம். நான் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக அலைந்து சேகரித்தது” என்றார். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. தட்டிய கைகளில் என் கைகளும் இருந்தன.

மறுநாள் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். இலக்கம், திகதி, ‘பின்னர்’ எல்லாம் அப்படியே இருந்தன. புள்ளித்தாளையும் தேடி எடுத்தேன். செல்வமணியின் கதைக்குக் கற்பனை என்ற கட்டத்தில்தான் அவர் மிகக் குறைந்த புள்ளி போட்டிருந்தார். கீழே குறிப்பு: ‘தோட்ட வாழ்வின் நேரடிப் பதிவு. கண்டதை எழுதியுள்ளார். கற்பனைத் திறன் இல்லை.’

இதையெல்லாம் பார்த்துவிட்டு என்ன செய்தேன்? கோவையைக் கட்டி அலுமாரியில் வைத்தேன். செல்வமணியின் விலாசம் என்னிடம் இருந்தது. ஒரு தபாலட்டை போட்டிருக்கலாம். போடவில்லை. மூன்று மாதம் சும்மா இருந்தேன்.

அவளே வந்தாள். தோட்டத்துப் பாடசாலை ஆசிரியை ஒருவர், “ஒங்க பிள்ளைக் காம்பரா கத இதுல வருது” என்று நாவலை வாசிக்கக் கொடுத்திருக்கிறார். செல்வமணிக்கு நாற்பது வயது இருக்கும், ஒல்லியான பெண். சீலைப் பையிலிருந்து நாவலையும் கொப்பியையும் எடுத்து என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“மிஸ், நான் அனுப்புன கத உங்க ஆபீசுக்கு வந்து சேந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்போ அதுலேருந்து இதுக்குள்ள எப்படிப் போச்சு?”

எனக்குப் பதில் தெரியும். “ஒரு முறைப்பாடு எழுதிக் குடுங்க” என்று மட்டும் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். அரைப் பக்கம்தான். அதில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை, கெஞ்சலும் இல்லை.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். கருணாகரன் சேரின் அறையில் நாங்கள் நாலு பேர். சேர், அதிபர் ஐயா, செல்வமணி, கூட்டக் குறிப்பு எழுத நான். பியோன் மூன்று கோப்பை தேநீர் கொண்டுவந்தான். ஒன்று சேருக்கு, ஒன்று ஐயாவுக்கு, ஒன்று எனக்கு. நான் குடித்தேன்.

அதிபர் ஐயா கோபப்படவில்லை. தகப்பன் மகளிடம் பேசுவதுபோலப் பேசினார்.

“நானும் லயத்தில பிறந்தவன்தான் அம்மா. எங்க அம்மாவும் கொழுந்து எடுத்தவதான். எங்க சனத்தோட கதைய நான் எழுதாம வேற யாரு எழுதுறது? உன் கொப்பியில இருக்கிற ஒரு வரி, ஒரே ஒரு வரி, என் புத்தகத்தில அப்படியே இருந்தாக் காட்டு.”

அவளால் காட்ட முடியவில்லை. அவர் அனுபவசாலி. ஒரு வரிகூட ஒன்றுபோல் இல்லை. அவருடைய வசனங்கள் நீளமானவை, உவமைகள் நிறைந்தவை. பண்டாரவளைக்காரர் செய்த தவறை அவர் செய்யவில்லை.

“வழக்கம்ங்கிறது பொது அம்மா. மழை யாருக்குச் சொந்தம்? தேயிலை யாருக்குச் சொந்தம்?”

“தேயிலைக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க ஐயா. அது எங்களுக்கு நல்லாத் தெரியும்” என்றாள் செல்வமணி.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

“ஐயாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கயித்த எந்தத் தோட்டத்துல பாத்தீங்க?”

“எல்லாத் தோட்டத்திலயும்தான்.”

“ஒரு தோட்டத்துப் பேரு சொல்லுங்க.”

ஐயா கொஞ்சம் தயங்கி, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயரைச் சொன்னார்.

“என் தங்கச்சிய அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு. அவ மூணு புள்ளையையும் அந்தப் புள்ளக் காம்பராவுலதான் விட்டா. அங்க கயிறு இல்லைங்க ஐயா. எங்க தோட்டத்துலயும் இல்ல. எந்தத் தோட்டத்துலயும் இல்ல. பதினாறு வருஷமா புள்ளைங்கள நான் பாக்குறேன், ஒருநாளும் ஒரு தாயும் ஒரு முடிச்சும் போட்டதில்ல. அது நெசத்துல இல்ல. நான் நெனச்சு உண்டாக்குனது.”

வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

நான் அந்த வார்த்தைகளை எழுதத் தொடங்கியிருந்தேன். கருணாகரன் சேர் என் பக்கம் திரும்பி, அதே மென்மையான குரலில், “அது குறிப்பில வேண்டாம் மிஸ்” என்றார்.

என் பேனை நின்றுவிட்டது. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. நானேதான் நிறுத்தினேன்.

அதற்குள் அதிபர் ஐயா சமாளித்துக்கொண்டார். “அப்படின்னா இல்லாத ஒரு வழக்கத்த இருக்கிற மாதிரி எழுதி அரசாங்கப் போட்டிக்கு அனுப்பியிருக்க. அது பிழையில்லையா?”

“கதப் போட்டின்னுதானே ஐயா விளம்பரம் போட்டிருந்தாங்க” என்றாள் அவள்.

இந்த இடத்தை நான் ஆயிரம் தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் இலக்கியம் படித்தவள் அல்ல. ஆனாலும் இவ்வளவு எனக்குப் புரிகிறது. பிள்ளைக் காம்பரா பொது. குழந்தை சாவது, தாய் அழுவது பொது. அவற்றைப் பற்றி யாரும் எழுதலாம், நூறு பேர் எழுதலாம். உலகத்தில் இல்லாத ஒரு கயிற்றை ஒருத்தி தன் மனத்தில் கட்டி, அதில் ஒரு முடிச்சை மிச்சம் வைத்தாளே, அது பொது அல்ல. அது அவள் ஒருத்தியுடையது. அதை எடுத்துக்கொண்டு வேறு வசனத்தில் எழுதினால் களவு இல்லாமல் போய்விடுமா? அதைவிட எனக்கு ஆத்திரம் மூட்டுவது வேறொன்று. தோட்டத்துப் பெண் ஒன்றை எழுதினால், அது அவள் கண்ணால் கண்டதாகத்தான் இருக்கவேண்டும் என்று அந்த மனிதர் நம்பினார். அவளுக்குக் கற்பனை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. லயத்தில் பிறந்தவருக்கே தோன்றவில்லை. அதனால்தான் கொஞ்சமும் பயமில்லாமல் எடுத்தார்.

நிரோஷாவை மறுநாள் திருப்பி அழைத்துச் சொன்னதும் இதைத்தான். “இல்லாத வழக்கமா இருந்தாலும் அழகா இருக்கே மிஸ், வெச்சா என்ன?” என்றாள்.

“வை. கீழ அந்தப் பொம்பளையோட பேரையும் வை” என்றேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். மேலே என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

விசாரணைக்கு வருகிறேன். கருணாகரன் சேர் இரண்டு தரப்புக்கும் நல்லதாக ஒரு வழி சொன்னார். நாவலின் அடுத்த பதிப்பில் நன்றிப் பக்கத்தில் ஒரு வரி சேர்ப்பது. ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதியே காட்டினார்: ‘தகவல் உதவி: செல்வமணி.’ ஐயா பெருந்தன்மையோடு தலையசைத்தார்.

செல்வமணி அந்தத் துண்டைக் கையில் வாங்கி இரண்டு முறை வாசித்தாள்.

“தகவல் வேணும்னா தோட்டத்துக் கிளாக்கர் ஐயா குடுப்பாரு சேர். நான் குடுத்தது கத.”

துண்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. “எனக்கு எந்தப் பேரும் வேணாம். அந்த ஐயா இனிமே மேடையில ஏறி, நான் அலஞ்சு சேகரிச்சேன்னு சொல்லாம இருந்தாப் போதும்.”

அதற்கு யாரும் உறுதி கொடுக்கவில்லை. அவள் போய்விட்டாள். கூட்டக் குறிப்பில் ‘இரு தரப்பினரும் கருத்துப் பரிமாறிக்கொண்டனர்’ என்று இருக்கிறது. என் கையெழுத்துத்தான்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பதிவேட்டுப் பக்கத்தையும் புள்ளித்தாளையும் பிரதி எடுத்தேன். நடந்ததை இரண்டு பக்கத்தில் எழுதி, தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கருணாகரன் சேருக்கும் ஒரு பிரதி வைத்தேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. போட்டிப் பிரதி ஒன்று அலுவலகத்துக்குத் திரும்பாமல் போனதற்கு நான் விளக்கம் தரவேண்டுமாம். விதியின்படி சிவப்புக் கோடு ஏன் போடவில்லை என்றும் கேட்டிருந்தார்கள். கடிதத்தைக் கையளித்தவர் கருணாகரன் சேர். பக்கத்தில் அவர் கையொப்பம், மையில்.

“நீங்க எழுதாம இருந்திருக்கலாம் மிஸ்” என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

“நீங்க எழுதியிருக்கலாம் சேர்” என்றேன். அவரோடு நான் கோபமாகப் பேசிய ஒரே தடவை.

விளக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். கடமையில் கவனயீனம் என்று என் கோவையில் ஓர் எச்சரிக்கை சேர்ந்தது. அது நியாயம்தான். அந்தக் களவில் என் கவனயீனத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் மொத்தக் களவுக்கும் தண்டிக்கப்பட்ட ஒரே ஆள் நானாக இருந்தது நியாயம் அல்ல. அதிபர் ஐயா அடுத்த வருடமும் நடுவராக இருந்தார். அவருக்குக் கதைக் கட்டை அனுப்பி வைத்தவள் நான்தான். இந்த முறை பிரதிகளை எண்ணி, கையொப்பம் வாங்கினேன். அதைத் தவிர வேறு வீரம் ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் செல்வமணி பதுளையில் என் வீட்டைத் தேடிப்பிடித்து வந்தாள். கையில் ஒரு கடிதம். பண்டாரவளையிலிருந்து வரும் சிற்றிதழ் ஒன்றுக்குத் தன் கயிற்றுக் கதையை அனுப்பியிருக்கிறாள். ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். கடிதத்தில் இப்படி இருந்தது: ‘பிரபலமான நாவல் ஒன்றின் அத்தியாயத்தைத் தழுவி எழுதியிருக்கிறீர்கள். இது முறையல்ல. உங்கள் சொந்தக் கற்பனையில் எழுதி அனுப்புங்கள்.’

நான் வாசித்து முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“இப்போ நான் கள்ளி மிஸ்” என்றாள். “தோட்டத்துல அந்த டீச்சரும் இப்ப ஒரு மாதிரித்தான் பாக்குது. எம் புருஷன் கேக்குறாரு, நெசமாவே நீதான் எழுதுனியான்னு. சொல்லுங்க மிஸ், நான் யாருகிட்ட போய் சத்தியம் பண்றது?”

அடுத்த நாள் காலை பஸ் எடுத்துப் பண்டாரவளைக்குப் போனேன். அந்த ஆசிரியர் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சின்னக் கடை ஒன்று வைத்திருந்தார். போட்டோக் கொப்பி எடுப்பது, படிவம் நிரப்புவது, அதற்கிடையில் இதழ். நான் எடுத்துவைத்திருந்த பதிவேட்டுப் பக்கப் பிரதியை மேசையில் வைத்தேன். வந்த திகதி, இலக்கம், அலுவலக முத்திரை. நாவலின் முதல் பக்கத்தில் இருக்கும் வெளியீட்டு வருடத்தைப் பக்கத்தில் வைத்தேன். பிறகு புள்ளித்தாள். ‘கற்பனைத் திறன் இல்லை’ என்ற வரியை அவர் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். கடைக்கு வந்த ஆள் ஒருவர் பிரதி எடுக்கத் தாளை நீட்டிக்கொண்டு நின்றார். இவர் கவனிக்கவில்லை.

“இவ்வளவையும் கையில வெச்சுக்கிட்டு இத்தன வருஷம் ஏன் மிஸ் சும்மா இருந்தீங்க?” என்று கேட்டார்.

பென்ஷன் போய்விடும் என்று பயந்தேன் என்றால் பாதி உண்மை. பெரிய மனிதரைப் பகைக்கக் கூடாது என்ற பழக்கம் மீதி. “பயந்துட்டேன்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் நல்ல மனிதர். செல்வமணிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். அடுத்த இதழில் கதையை முதல் பக்கத்தில் போட்டு, போட்டிக்கு வந்த திகதியைக் கதையின் கீழே அச்சிட்டார். அச்சில் வந்துவிட்ட கதை என்பதால்தான் நானும் அதை மேலே சொன்னேன், அவளிடம் அனுமதி கேட்டுவிட்டு. இதழ் வந்த மறுநாள் அதிபர் ஐயா என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன் மிஸ்?”

“எனக்கு ஒண்ணும் செய்யல ஐயா. அந்தப் பிரதிய இன்னும் தேடித் தரல, அவ்வளவுதான்.”

வைத்துவிட்டார். அந்த இதழ் சில நூறு பேர் கைக்குத்தான் போகும். நாவலோ கடைகளில் இருக்கிறது, பாடசாலை நூலகங்களில் இருக்கிறது, அடுத்த பதிப்பும் வந்துவிட்டது. மேடையில் இன்றும் அவர் அதே வசனத்தைச் சொல்வதாகக் கேள்வி. ஆக, வென்றது யார் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தெமோதரைக்குப் போயிருந்தேன். செல்வமணியின் வீடு லயத்தின் கடைசிக் காம்பரா. பின்னேரம் மூன்று மணி இருக்கும், மழை விட்டிருந்தது. புருஷன் வெளியே போயிருந்தார். இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் கொடுத்தாள்.

“இப்ப எழுதுறீங்களா?” என்று கேட்டேன்.

“பதினொரு கத இருக்கு மிஸ்.”

எனக்குச் சந்தோஷத்தில் வாய் ஓடிவிட்டது. “குடுங்க, நான் கொண்டுபோய் டைப் பண்ணி, நல்ல இடமாப் பாத்து...”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பகை இல்லை, விட்டுக்கொடுப்பும் இல்லை.

“கோவிச்சுக்காதீங்க மிஸ். வாசிச்சுக் காட்டுறேன். கையில குடுக்க மாட்டேன்.”

“என்கிட்டயுமா?”

“உங்ககிட்ட குடுத்துத்தானே மிஸ் முதல் கத போச்சு.”

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது? சரி என்றேன். அவள் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்து, எனக்கு எதிரே பலகையில் உட்கார்ந்து, எழுத்து என் பக்கம் தெரியாதபடி பிடித்துக்கொண்டு வாசித்தாள். இருபது நிமிடம் இருக்கும். பக்கத்துக் காம்பராவில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, எனக்கு அது காதில் விழவே இல்லை. கயிற்றுக் கதை இதற்குக் கால் தூசி. முடிந்ததும் கொப்பியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எப்படி இருக்கு மிஸ்?”

சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

“யாருகிட்டயும் சொல்லிறாதீங்க மிஸ், என்ன?”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் அந்தக் கதை எதைப் பற்றியது என்று இங்கே எழுதப்போவதில்லை.